புது எஸ்எஸ்டி பூட்டியாச்சி, விண்டோஸ் இன்ஸ்டோல் செய்யக்குள்ள அது காட்டுதே இல்ல. டூப்ளிகேட்டா?

வாவிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். லெப்டொப் வேல தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தா ஒருக்காச் சொல்லுங்க, ரெண்டு நாளா எனக்கும் தம்பிக்கும் மண்ட காயுது. என்ட மெஷின் கோர் ஐ5 பதினோராவது ஜெனரேஷன், 8 ஜீபி ராம், உள்ளுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஓன் பண்ணிட்டுப் போய் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சி கோப்பையும் கழுவி வெச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டுத்தான் கிடக்கும். அதான் டவுன்ல ஒரு கடையில 500 ஜீபி எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்டு வாங்கினன், போர்ட்லயே சொருகிற வேகமான டிஸ்க் அது. பூட்டி விண்டோசும் அடிச்சித் தாறதுக்கு 3500 ரூபாவாம், ரெண்டு நாளைக்கு மெஷின வெச்சிட்டும் போகட்டாம். உள்ளுக்கு குடும்பப் படமெல்லாம் கிடக்கு, வெச்சிட்டு வர எனக்கு விருப்பமில்ல. சரி நம்மளே செய்வம் எண்டு வீடியோ பாத்துப் பாத்து பின் மூடியக் கழட்டிப் பூட்டினம்.

இப்ப என்ன பிரச்சினை எண்டா, பயோஸுக்குள்ள, அதான் விண்டோசுக்கு முந்தி வாற செட்டிங் திரைக்குள்ள போனா எஸ்எஸ்டிட பேர் வருது. பழைய விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தாலும் கறுப்புக் கோட்டோட காட்டுது, ஆனா 465 ஜீபி எண்டு. மிச்சம் 35 எங்க போன? அதையும் விடுங்க, பென் ட்ரைவ்ல விண்டோஸ் 11 போட்டு அதுல பூட் பண்ணி, எந்த டிஸ்க்ல இன்ஸ்டோல் பண்ற எண்டு கேக்கிற இடத்துக்கு வந்தா பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் நிக்கிது, எஸ்எஸ்டி இல்லவே இல்ல. ரிஃப்ரெஷ் அமத்தி அமத்தி விரல் தேஞ்சதுதான் மிச்சம். கடைக்குக் கோல் எடுத்தா "நாங்க நல்ல சாமான்தான் தந்த, நீங்க பூட்டினதுக்கு நாங்க என்ன செய்ற" எண்டு வெச்சிட்டாங்க. டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டாங்களா, இல்லாட்டி நாங்க பூட்டினதுதான் பிழையா? அதை இறுக்கிற குட்டி இஸ்குருவும் எங்களுக்குக் கிடைக்கல்ல, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிண்டிச்சி, தம்பி செலோடேப் ஒட்டி அமத்தி வெச்சிருக்கான். சிரிக்காதீங்க.

ஆரையம்பதிப் பொடியன்:
தங்கச்சி அது டூப்ளிகேட்தான், சந்தேகமே வேணா. 500க்கு 465 காட்டினா அங்கேயே விளங்கல்லியா. பில் இருக்குதானே, கொண்டு போய் மேசையில வெச்சிட்டு காச வாங்கிட்டு வாங்க. இவங்கள்ட வேலையே இதான்.

கல்முனைக் காக்கா:
மேல எழுதின தம்பி கோவிக்கப்படாது, ஒண்டும் பாக்காம அந்தப் புள்ளைய கடைக்காரனோட சண்டைக்கு அனுப்பாதீங்க. நான் பதினஞ்சி வருசமா இந்த இஸ்குரு ட்ரைவரோடதான் சீவிக்கிறன்.

முதல்ல அந்த 35 ஜீபிக் கதை. கம்பனிக்காரன் ஒரு ஜீபிய ஆயிரம் ஆயிரமாப் பெருக்கிக் கணக்குப் பாக்கிறான், நூறு கோடி பைட் அவனுக்கு ஒரு ஜீபி. விண்டோஸ் 1024, 1024ஆப் பிரிச்சிப் பாக்கிது. அதே இடந்தான், அளக்கிற கொத்துத்தான் வேற. நெல்லு அளந்த ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். உங்கட பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்கயும் போய்ப் பாருங்க மகள், 931 எண்டுதான் காட்டும். அதை இவ்வளவு காலமும் ஆரும் களவெடுத்த எண்டு நீங்க சொல்லல்லதானே.

இனி காட்டாத விசயம். பயோஸ்ல பேர் வருது, பழைய விண்டோஸ்ல வருது, பென் ட்ரைவ்ல உள்ள விண்டோஸ்ல மட்டும் வருதில்ல எண்டுறீங்க. ரெண்டு பேருக்குத் தெரியிற சாமான் மூணாவது ஆளுக்குத் தெரியல்லெண்டா பழுது சாமான்ல இல்ல, மூணாவது ஆள்ட கண்ணுல. இன்டெல் பதினோராவது ஜெனரேஷன்ல இருந்து வந்த கனக்க லெப்டொப்ல விஎம்டி எண்டு என்விஎம்இ டிஸ்குகளக் கையாளுற ஒரு அமைப்பு பயோஸ்ல ஓன் பண்ணித்தான் வருது. என்விஎம்இ அதுக்குப் பின்னால நிக்கிற. அதோட கதைக்கத் தெரிஞ்ச ட்ரைவர் எண்ட சின்ன மென்பொருள் இருந்தாத்தான் விண்டோசுக்கு எஸ்எஸ்டி தெரியும். பழைய விண்டோஸ்ல கம்பனிக்காரன் அந்த ட்ரைவரப் போட்டுத்தான் அனுப்பினவன், மைக்ரோசொஃப்ட்ல இருந்து எடுத்த இன்ஸ்டோலர்ல அது இல்ல. ஹார்ட் டிஸ்க் சாட்டா எண்ட வேற வழியால போற, அதால அது மட்டும் நிக்கிது. இவ்வளவுதான் கதை.

வழி ரெண்டு இரிக்கி. லெப்டொப் கம்பனிட சைட்டுக்குப் போய் உங்கட மொடல் நம்பர அடிச்சி, ஸ்டோரேஜ் எண்ட பகுதியில இன்டெல் ரெபிட் ஸ்டோரேஜ், சுருக்கி ஆர்எஸ்டி எண்டு கிடக்கும், அதை எடுத்து பென் ட்ரைவ்ல போட்டுட்டு, டிஸ்க் தெரிவு செய்ற இடத்துல லோட் ட்ரைவர் எண்டு கீழ இரிக்கிறத அமத்திக் காட்டிக் குடுக்கலாம். இல்லாட்டி பயோஸ்ல விஎம்டிய ஓஃப் பண்ணலாம். சில மெஷின்ல அந்த இடமே ஒளிச்சிக் கிடக்கும், ஏசர்ல மெயின் எண்ட பக்கத்துல நிண்டு கண்ட்ரோலோட எஸ் அமத்தினாத்தான் வெளிய வரும். நான் முதலாவது வழியத்தான் சொல்லுவன், ஏனெண்டா பயோஸ்ல கைய வெச்சா பழைய விண்டோஸ் ஏதாவது கோவிச்சிக்கிட்டு நிண்டிரும், உங்கட படமெல்லாம் இன்னும் அதுலதானே கிடக்கு.

அந்த செலோடேப்ப இண்டைக்கே கழட்டுங்க. என்விஎம்இ வேல செய்யக்குள்ள நல்லாச் சுடும், பசை இளகி எங்க எல்லாம் போகும் எண்டு சொல்லேலா. எம்.2 சாய்ச்சித்தான் உள்ளுக்குத் தள்ளணும், விட்டா மற்றப் பக்கம் தானா எழும்பி நிக்கும், அது பழுதில்ல, அப்பிடித்தான் அது. அமத்திப் பிடிச்சிக்கிட்டு இஸ்குருவ இறுக்கணும். அது எம்2 அளவு, எண்டா தடிப்பு 2 மில்லிமீட்டர், நீளம் 3 மில்லிமீட்டர் மட்டில வரும், போன்ல கழட்டின இஸ்குரு சின்னன், சரிவராது. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இரிக்கி. போர்ட்ல எஸ்எஸ்டிட நுனி வந்து முட்டுற இடத்துல பித்தளையில குட்டித் தண்டு ஒண்டு நிக்கிதா? கனக்க மெஷின்ல இஸ்குருவ அந்தத் தண்டுலயே பூட்டித்தான் அனுப்புற. நீங்க மூடி கழட்டக்குள்ள, இல்லாட்டி தம்பி நோண்டக்குள்ள கழண்டு உள்ளுக்கு விழுந்திச்சோ தெரியா. கரண்ட் குடுக்காம, லெப்டொப்பக் காதுக்கிட்ட வெச்சி மெதுவா ஆட்டிப் பாருங்க. கிலுங்கினா எடுக்குமட்டும் ஓன் பண்ணிராதீங்க, இஸ்குரு போர்ட்ல உள்ள ரெண்டு பின்ன ஒண்டாத் தொட்டிச்செண்டா போர்டே போயிரும்.

வாவிக்கரை:
காக்கா!!! கிலுங்கிச்சி!!! ஃபேனுக்குப் பக்கத்துல கிடந்திச்சி. ரெண்டு நாளா இதோடயே நாங்க ஓன் பண்ணி ஓஃப் பண்ணி விளையாடியிருக்கம், நினைக்கவே நெஞ்சு இடிக்கிது. அம்மாட தையல் பெட்டியில ஒரு காந்தம் கிடந்த, அத இஸ்குரு ட்ரைவர்ல ரெண்டு தரம் தேச்சிட்டு எடுத்தம். இப்ப எஸ்எஸ்டி படுத்திட்டு, செலோடேப்பும் கழட்டியாச்சி. ஹார்ட் டிஸ்க் 931தான் காட்டுது, நீங்க சொன்னது சரி.

ஆர்எஸ்டியையும் கம்பனி சைட்ல இருந்து எடுத்தன். நல்லகாலம் சின்ன ஃபைல்தான். விண்டோஸ் 11 எடுக்கக்குள்ள அஞ்சாறு ஜீபி போனதுல ராத்திரி டேட்டா முடிஞ்சி சுபஹ் பாங்கு கேக்குமட்டும் முழிச்சிருந்த நான். பென் ட்ரைவ்ல போட்டு லோட் ட்ரைவர் குடுத்தா, சைன்ட் ட்ரைவர் ஒண்டும் இல்ல எண்டு ஒரே வரியில சொல்லிட்டு நிக்கிது. என்ன பிழை?

கல்முனைக் காக்கா:
நீங்க டவுன்லோட் பண்ணின எக்ஸ்ஈ ஃபைல அப்பிடியே தூக்கிப் போட்டிரிக்கீங்க, சரியா? அது பொதி. இன்ஸ்டோலருக்குப் பொதி அவிழ்க்கத் தெரியா, உள்ளுக்கு இரிக்கிற ஐஎன்எஃப் ஃபைல்தான் வேணும். பழைய விண்டோஸ்ல வெச்சி செவன்-ஸிப் எண்ட மென்பொருளால பிரிச்சிப் பாருங்க, அதுல பிரியாட்டி, இன்டெல்ட செட்டப் ஃபைல் எண்டா கமாண்ட் ப்ரொம்ப்ட்ல ஃபைல் பேர அடிச்சி, ஒரு இடைவெளி விட்டு, சின்னக் கோடு போட்டு எக்ஸ்ட்ராக்ட்ட்ரைவர்ஸ் எண்டு சேத்து, அதுக்குப் பின்னால ஃபோல்டர் பேரையும் குடுத்தா பிரிச்சித் தரும். அந்த முழு ஃபோல்டரையும் பென் ட்ரைவுக்கு மாத்துங்க. லோட் ட்ரைவர்ல ப்ரவுஸ் குடுத்து அந்த ஃபோல்டரக் காட்டினா விஎம்டி கொன்ட்ரோலர் எண்டு பேர் வரும், பதினோராவது ஜெனரேஷன் எண்டா கடைசியில 9ஏ0பி எண்டு நிக்கும். அத எடுத்து நெக்ஸ்ட். இணையத்துல ஆகப் புதுசா இரிக்கிற வேர்ஷனத் தேடிப் போகாதீங்க, புதுசு சிலது பதினோராவதுக்குச் சரிவராது, மொடல் நம்பருக்குக் கீழ கிடக்கிறதுதான் உங்கட.

நில்லுங்க நில்லுங்க, நெக்ஸ்ட் அமத்த முந்தி இன்னொண்டு. ஹார்ட் டிஸ்க்ட கேபிளக் கழட்டிட்டு இன்ஸ்டோல் பண்ணுங்க. இதை நான் காசு குடுத்துப் படிச்ச பாடம். ஒரு முறை அக்கரைப்பற்றுல இருந்து ஒராள் இதே வேலைக்கு மெஷின் கொண்டு வந்தார், ரெண்டு டிஸ்கும் உள்ளுக்கு இருக்க எஸ்எஸ்டியத் தெரிவு செஞ்சி விண்டோஸ் அடிச்சன், பறக்கிது, மனுசனுக்குச் சந்தோசம். மறுகா சொல்றார், பழைய டிஸ்கக் கழட்டி வெளியால ஒரு பெட்டியில போட்டுத் தாங்க காக்கா எண்டு. கழட்டினன். ஓன் பண்ணினா பூட் பண்றதுக்கு டிஸ்க் இல்லையாம்! வேர்த்துப் போன எனக்கு. என்ன நடந்த எண்டா, விண்டோஸ் எல்லாம் எஸ்எஸ்டியிலதான் போன, ஆனா பூட் பண்ற துண்டு மட்டும், இஎஃப்ஐ பார்ட்டிஷன் எண்டுற, பழைய டிஸ்க்ல ஏற்கெனவே ஒண்டு கிடந்தபடியா இன்ஸ்டோலர் புதுசா ஒண்டு வெட்டாம அதுக்குள்ளயே போய்க் குந்திட்டு. வீட்டக் கட்டிட்டு சாவிய மாமிட வீட்டுல வெச்ச மாதிரி. மறுகா பென் ட்ரைவ்ல பூட் பண்ணி, ஷிஃப்டும் எஃப்10ம் சேத்து அமத்தி அந்தக் கறுப்புத் திரையில டிஸ்க்பார்ட்டால எஸ்எஸ்டிய ஒரு துண்டு சுருக்கி, ஃபெட்32ல ஃபோர்மட் அடிச்சி, பூட் ஃபைல எழுதுற பிசிடிபூட் கட்டளையக் குடுத்து எடுக்கக்குள்ள அஸரும் போயிட்டு மஃரிபும் போயிட்டு, அந்தாள் கடை வாசல்ல பிளேன்டீ மூணு குடிச்சிட்டார்.

அதால கழட்டுங்க. முதல்ல பெட்டரிட கனெக்டர், அதுக்குப் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்ட. அந்தத் தட்டைக் கேபிள்ல சிலதுக்குக் கறுப்பு நாக்கு ஒண்டு இரிக்கும், அத நகத்தால தூக்கிட்டுத்தான் இழுக்கணும், இழுத்துப் பிச்சிராதீங்க. கழட்டினா இன்னொரு நன்மை, பிழையான டிஸ்க ஃபோர்மட் அடிக்க ஏலாது. உங்களுக்கு ஒரேயொரு டிஸ்க்தான் காட்டும், 465, அன்அலொகேட்டட் எண்டு. பார்ட்டிஷன் ஒண்டும் நீங்க வெட்டத் தேவையில்ல, அதத் தெரிவு செஞ்சி நெக்ஸ்ட் மட்டும். தேவையானதெல்லாம் அதுவே வெட்டிக்கும்.

பெரியகல்லாறு டீச்சர்:
மகள், நான் கொம்பியூட்டர் படிப்பிக்கிற ஆளில்ல, ஆனா அடி வாங்கின ஆள், அதால ரெண்டு விசயம் சொல்றன். போன வருசம் எனக்கு மகன் புதுசா விண்டோஸ் போட்டுத் தந்தான், டொகியுமென்ட் எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சித்தான் செஞ்சவன். ரெண்டு நாள் போய் பழைய பரீட்சைத் தாளத் திறந்தா ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழ் எண்ட சொல்லு நிண்ட இடத்துல ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி. எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்ட்ல அடிச்சது, அந்த ஃபொண்ட் இல்லாட்டி அதுக்குக் கீழ கிடக்கிற இங்கிலிஷ் எழுத்துத்தானே தெரியும். பத்து வருசத் தாள் மகள், நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு இருந்திட்டன். ஃபொண்ட்ட திரும்பப் போட்டதும் எல்லாம் வந்திட்டு, ஆனா அதுவரைக்கும் பட்ட பாடு. உங்க வீட்டுல ஆரும் பாமினியில தட்டுற ஆக்கள் இருந்தா விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபொண்ட்ஸ் எண்டு கிடக்கிறதுல இருந்து பாமினி, அதோட வேற தமிழ் ஃபொண்ட் என்னெல்லாம் இருக்கோ எல்லாத்தையும் பென் ட்ரைவுக்கு எடுத்து வைங்க. யுனிகோட்ல அடிக்கிறதெண்டா தமிழ் 99, அஞ்சல் எண்ட விசைப்பலகை ரெண்டும் விண்டோஸ் 11லயே கிடக்கு. பாமினி விசைக்குக் கை பழகின என்னைப் போல ஆக்களுக்கு இ-கலப்பை மென்பொருள் போட்டாத்தான் கை ஓடும்.

மற்றது, பழைய விண்டோஸ் பிட்லொக்கர் எண்ட டிஸ்க் பூட்டுல பூட்டிக் கிடக்கா எண்டு பாத்துக் கொள்ளுங்க. நாம கேக்காமலே சில மெஷின்ல அது ஓன் ஆகியிருக்கும். பிறகு அந்த ஹார்ட் டிஸ்க வேற விண்டோஸ்ல இருந்து திறக்கப் போனா 48 இலக்கம் கேக்கும். அது உங்கட மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட்டுக்குள்ள இருக்கும், ஆனா எந்த ஈமெயில் எண்டு நினைவிருக்கணுமே! எங்கட வீட்டுல அதுக்கே ஒரு கிழமை போன. இப்பவே எடுத்து கொப்பியில எழுதுங்க.

வந்தாறுமூலை லினக்ஸ்:
இவ்வளவு பாடும் என்னத்துக்கு அக்கா, விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் ஒண்டப் போட்டுட்டு இருங்களன். ட்ரைவரும் தேடத் தேவையில்ல, அக்கவுண்ட்டும் கேக்காது, லைசன்ஸ் காசும் இல்ல. விண்டோஸ் 10க்கே 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் கதை முடிஞ்சி, இனி 11க்கும் ஒரு நாள் வரும். ரெண்டு வருசமா நான் விண்டோஸ் பக்கமே போகல்ல.

கல்முனைக் காக்கா:
தம்பி உங்கட லினக்ஸ் நல்ல சாமான்தான், என்ட கடை மெஷின்லயும் மின்ட்தான் ஓடுது. ஆனா அந்தப் புள்ள கேட்டது அதில்லதானே. மீன் வாங்க வந்த ஆளுக்கு மரக்கறி நல்லம் எண்டு சொல்றீங்க. லைசன்ஸ் விசயம் நீங்க எடுத்ததால சொல்றன், லெப்டொப் கம்பனியே விண்டோஸ் போட்டு வித்த மெஷின் எண்டா சாவி பயோஸுக்குள்ளயே கிடக்கு, டிஸ்க மாத்தினாலும் அது போகா. ஹோம் எண்டா ஹோம், ப்ரோ எண்டா ப்ரோ, அதே பதிப்பையே போட்டா நெட் கிடைச்ச உடனே தானா எக்டிவேட் ஆகும். கடைக்காரன் களவு விண்டோஸ் அடிச்சித் தந்த மெஷின் எண்டாத்தான் பிரச்சினை.

கடைசி ஒரு இடம் சிக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறன். இன்ஸ்டோல் எல்லாம் முடிஞ்சி பேர் ஊர் கேக்கிற இடத்துல வைஃபை ட்ரைவர் இல்லாம நெட் இல்ல எண்டு நிண்டிரும், முன்னுக்கும் போகா பின்னுக்கும் போகா. என்ன என்னவோ கட்டளை அடிச்சிப் பாயலாம் எண்டு வீடியோவில காட்டுவாங்க, அது வேர்ஷனுக்கு வேர்ஷன் மாறுது, நம்பேலா. என்ட்ரொயிட் போன் ஒண்ட சார்ஜ் பண்ற கேபிளால பூட்டி யூஎஸ்பி டெதரிங் ஓன் பண்ணுங்க, நெட் வந்திரும். கேபிள் டேட்டா போறதா இரிக்கணும், சந்தையில நூறு ரூபாக்கு விக்கிறதுல கனக்கது சார்ஜ் மட்டுந்தான் போகும்.

வாவிக்கரை:
முடிஞ்சி!! நேத்துப் பின்னேரம் தொடங்கினம், பாமினியும் இன்னும் ஏழு ஃபொண்டும் முதல் எடுத்து வெச்சன் டீச்சர், அக்காவும் பள்ளிக்கூடத்துல டீச்சர்தான், நீங்க சொல்லாட்டி அவ என்னைக் கொன்றிருப்பா. பிட்லொக்கர் ஓஃப்லதான் கிடந்த. ஹார்ட் டிஸ்க் கேபிளக் கழட்ட தம்பிய விடல்ல, நானே நகத்தால தூக்கி எடுத்தன். ஃபோல்டரக் காட்டினதும் 9ஏ0பி எண்டு வந்திச்சி காக்கா, நெக்ஸ்ட் குடுத்தன், திரை ஒருக்கா மினுங்கிச்சி, 465 வந்து நிக்கிது. ரெண்டு பேரும் கத்தின கத்துல அம்மா ஓடி வந்திட்டா, கரண்ட் அடிச்சிட்டு எண்டு நினைச்சி.

நடுவுல உண்மையாவே கரண்ட் போயிட்டு, 40 வீதத்துல நிக்கக்குள்ள. பெட்டரி கனெக்டர திரும்பப் பூட்டினமா இல்லையா எண்டு ஒரு நிமிசம் எங்களுக்கே மறந்து போச்சி, ஆனா பூட்டித்தான் இருந்தம் போல, மெஷின் நிக்கல்ல. நீங்க சொன்ன மாதிரியே வைஃபைல சிக்கிச்சி, முதல் கேபிள் சார்ஜ் மட்டுந்தான், ரெண்டாவது கேபிள் மாமாட, அதுல வந்திட்டு. எக்டிவேட்டும் தானா ஆயிட்டு. இப்ப ஓன் பண்ணினா தேத்தண்ணிக்குச் சீனி போட முந்தித் திரை வந்திருது. இண்டைக்குக் காலைல ஹார்ட் டிஸ்கத் திரும்பப் பூட்டினன், ஓன் பண்ண பழைய விண்டோஸ் வந்து நிண்டிச்சி, பயந்திட்டன். பிறகு பயோஸ்ல பூட் ஓர்டர்ல எஸ்எஸ்டிய மேல ஏத்தினன், சரி. பழைய விண்டோஸ அழிக்கவா?

கல்முனைக் காக்கா:
ஒரு மாசம் விடுங்க. எல்லாரும் முதல் நாள் அழிச்சிட்டு மூணாவது கிழமை வந்துதான் "காக்கா அந்த ஃபோல்டர்" எண்டு நிப்பாங்க. எஸ்எஸ்டியில ஒண்டு போனா ஹார்ட் டிஸ்க் மாதிரி லேசில திரும்ப எடுக்கவும் ஏலா, படங்கள ரெண்டு இடத்துல வெச்சிக்கங்க.

ஆரையம்பதிப் பொடியன்:
காக்கா நான் அண்டைக்குச் சொன்னத மன்னிச்சிருங்க. என்ட மச்சான்ட மெஷினுக்கும் எஸ்எஸ்டி வாங்கியிருக்கன், பன்னிரண்டாவது ஜெனரேஷன். அதுவும் இன்ஸ்டோல் செய்யக்குள்ள காட்டுதில்ல. கடைக்காரனோட ஏற்கெனவே கொஞ்சம் சத்தமாக் கதைச்சிட்டன்.

கல்முனைக் காக்கா:
பயோஸ்ல எஸ்எஸ்டிட பேர் வருதா தம்பி? அத முதல் பாத்துச் சொல்லுங்க.